கீழே எழுதியிருந்த நாலு வரி

மாப்ள,

இன்று காலை நாகல் நகர் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷின் சூடாகி, அந்தப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். வாய்விட்டேதான். கடைக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "செத்த நேரம் பொறுங்கண்ணே, மெஷின் சூடாகணும்ல" என்றார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? செத்துப்போன ஒருவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்றா?

அப்பாவின் காப்பீட்டு அட்டைக்கு லேமினேஷன் போடப் போயிருந்தேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பதில் சொல்ல வரமாட்டாய் என்று தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் சொல்லிக் கிழித்தாயாக்கும்.

அந்த வாடைதான் நம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களின் வாடை. காலேஜில் சேர்ந்த புதிது. உங்கள் தோல் மண்டியின் மாடி. கீழே உப்புத் தோலின் நாற்றம். மேலே கார்டுகள் பறந்துவிடக் கூடாதென்று ஃபேனை அணைத்துவிட்டு வியர்வையில் ஊறிக் கிடப்போம். சிங்கப்பூரிலிருந்த உன் மச்சான் லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டுவரும் கார்டுப் பாக்கெட்டுகள்தான் நமக்கு உலகம். ஒவ்வொரு கார்டிலும் ஒரு பூதமோ மிருகமோ இருக்கும். இடது பக்கம் அடிக்கிற நம்பர், வலது பக்கம் தாங்குற நம்பர். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்தாற்போல் ஜப்பான் எழுத்தில் நாலு வரி. அது நம்மில் ஒருவனுக்கும் புரியாது. புரியாததற்காக விளையாடாமல் விட்டுவிடுவோமா? பெரிய நம்பர் சின்ன நம்பரை அடிக்கும், அவ்வளவுதான் என்று நாமாகவே சட்டம் போட்டுக்கொண்டோம். திண்டுக்கல் ரூல்.

கையில் பெரிய கார்டு சிக்கினால் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி லேமினேஷன் போட்டுவிட வேண்டும் என்பது நம்முடைய இன்னொரு சட்டம். நம் வீடுகளில் ரேஷன் கார்டுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

கல்லுப் பூதம் வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மலைக்கோட்டைப் பாறைக்குக் கைகால் முளைத்ததுபோல ஒரு உடம்பு, வயிற்றில் வாய், அடிக்கிற நம்பர் மூவாயிரத்து இருநூறு. பாக்கெட்டைப் பிரித்தவன் நீ. நியாயமாக அது உன்னுடையது. என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாய். "எடுத்துக்க மாப்ள. இம்புட்டு ஆசைய வச்சுக்கிட்டு எதுக்கு மென்னு முழுங்குற?" என்று என் பக்கம் தள்ளிவிட்டாய். அன்று உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இன்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. என் முகத்தைப் பார்க்கிற அந்தப் பழக்கம்தானடா எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அடுத்த வருஷம் உன் மச்சான் முழுசாக ஒரு மாதம் தங்கினார். அங்கே ஜப்பான் கம்பெனியில் வேலை என்பதால் அவருக்கு அந்த எழுத்துப் படிக்க வரும். கார்டு கார்டாக எடுத்து உனக்குப் படித்துக் காட்டினார். நீயும் ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துவிட்டாய். அதன்பிறகு மாடிக்கு வந்தவன் வேறு ஆள். ஒரு கார்டைக் கையில் எடுத்தால் நம்பரைப் பார்க்கவே மாட்டாய். "வாரதுக்கு என்ன கேக்குது, இருக்கதுக்கு என்ன கேக்குது, போகையில என்ன குடுக்குது. அதைப் பாரு மாப்ள" என்பாய். நாங்களெல்லாம் சீந்தாமல் ஒதுக்கிய தலைப்பிரட்டைக் கார்டைத் தேடித் தேடிச் சேர்த்தாய். அதன் அடிக்கிற நம்பர் வெறும் முந்நூறு. "செத்துச்சுன்னா கட்டுல இருந்து புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம்டா. சும்மா சாகாது இது" என்று அதைத் தடவிக்கொடுத்தாய். செகண்ட்ஹேண்டில் வண்டி வாங்கப் போன இடத்திலும் அதே பேச்சுதான். விலையை விட்டுவிட்டு, "மாசாமாசம் இது என்ன கேக்கும்ணே?" என்று கேட்டு விற்க வந்தவரை விழிக்கவைத்தாய்.

அப்படிப்பட்டவனிடம்தான் நான் கேட்டேன். லேமினேஷன் போட்ட என் கல்லுப் பூதத்தை நீட்டி, "இதுல கீழ என்னடா எழுதியிருக்கு?" என்று நேராகக் கேட்டேன். நீ கார்டைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், மறுபடி கார்டைப் பார்த்தாய்.

"சும்மா கதை எழுதியிருக்கான் மாப்ள. மலையை உடைச்சுக்கிட்டு வந்த பூதம்னு. வேற ஒண்ணுமில்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினேன். நம்பாமல்? நீ சொன்னால் எனக்கு வேதவாக்கு.

மதுரையில் ஒரு கடைக்காரர் ஜோடிப் போட்டி வைத்தார். ஜோடியில் இரண்டு பேரும் ஜெயித்தால்தான் அடுத்த சுற்றுக்குச் சென்னை போகலாம். சென்னைக்கென்று நீ புதுச் சட்டை தைத்து வைத்திருந்தாய். மதுரைக்கு அதைப் போட மாட்டேன் என்று மடித்துவைத்த கிறுக்கன் நீ. அங்கே போனால் நடுவர் என் பூதத்தைத் தூக்கிப் பிடித்து, "என்ன தம்பி இது, ஐடி கார்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கார்டுக் கட்டுக்குள் கலந்தால் தடவியே கண்டுபிடித்துவிடலாம், இது ஆகாது என்றார். நாம் கெஞ்சியதும், ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டு எல்லாக் கார்டையும் கவரில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். நீதான் பிளேடு வாங்கிவந்து, கடை வாசற்படியில் உட்கார்ந்து, மயிரிழை பிசகாமல் நாலு ஓரமும் வெட்டினாய். பக்கத்திலேயே குந்தியிருந்தேன் நான். நீயும் நானும் மட்டும். அப்போதாவது சொல்லியிருக்கலாமே? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

எனக்கு எதிரே உட்கார்ந்தது கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். இரண்டு சின்னக் கார்டுகளைப் பலி கொடுத்துப் பூதத்தை இறக்கி, ஜம்பமாக மேஜையில் தட்டினேன். அந்தப் பிள்ளை என்னைப் பாவமாகப் பார்த்தது.

"இதையாண்ணே இறக்குனீங்க? இனி உங்க முறை வாரப்பல்லாம் கையில இருந்து ரெண்டு கார்டு கீழ போடணும்ணே. அதுக்குச் சோறு. போட இல்லேன்னா என் பக்கம் வந்துரும்."

"யாரு சொன்னா?"

"கீழ எழுதியிருக்குல்லண்ணே. இங்க ஆடுற எல்லாருக்கும் தெரியுமே."

நடுவர் தடிப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பெண் சொன்னது வரிக்கு வரி சரி. அந்தப் பிள்ளை தன் ஆட்களையெல்லாம் தாங்கும் நிலையில் படுக்கப்போட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தது. நான் இரண்டிரண்டாகச் சோறு போட்டேன். கை காலியானது. மூவாயிரத்து இருநூறும் மெல்ல மேஜையைத் தாண்டிப் போய், எனக்கு எதிராகத் திரும்பி நின்றது. ஒரே அடி. அவமானத்தோடு உன் மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். நீ ஜெயித்து முடித்திருந்தாய். ஜெயித்தவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உனக்கு முன்பே தெரியும் என்று.

வாடிப்பட்டி வரைக்கும் பஸ்ஸில் கோபத்தை அடக்கிக்கொண்டு வந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படிடா சொல்றது? லேமினேஷனெல்லாம் போட்டு வச்சிருந்த."

"உனக்கும்ல சென்னை போச்சு!"

"போனாப் போகுது மாப்ள."

போனால் போகிறதாம். கொடைரோட்டில் பஸ் நின்றபோது இரண்டு கொய்யா வாங்கி ஒன்றை என் மடியில் வைத்தாய். நான் அதை ஜன்னல் வழியே வீசினேன். நீ உன்னுடையதைப் பாதி கடித்து மீதியை நீட்டினாய். வாங்கித் தின்றேன். அங்கேயே உன்னை இரண்டு அறை விட்டு, இனிமேல் எனக்காக ஒளிக்காதே என்று சத்தியம் வாங்கியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வருஷங்கள் ஓடின. நீ மண்டியைப் பார்க்க ஆரம்பித்தாய், நிக்காஹ் ஆனது, கார்டெல்லாம் பரணுக்குப் போயின. மண்டி மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாய். "என்னடா ஆச்சு?" என்றால், "பிரியாணி மாப்ள, பிரியாணி" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவாய். மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றும் கேட்டேன். நேராகக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தாய்.

"சும்மா கேஸ் டிரபிள்தான் மாப்ள. வேற ஒண்ணுமில்ல."

அதே வார்த்தை. அதே மூஞ்சி. நான் எத்தனை பெரிய மடையன் என்றால், இரண்டாவது தடவையும் நம்பினேன்.

அந்த மாதம் என் கல்யாணம். மாதா கோயிலில் பூசை முடிந்து பந்திக்கு வந்தால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்கிறாய். சட்டையெல்லாம் வியர்வை. "மாப்பிள்ளை இங்கன வரக்கூடாது, போடா மேடைக்கு" என்று விரட்டினாய். நெஞ்சில் வால்வு பழுதாகி, ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்த நெஞ்சோடு தூக்கினாய் அந்த அண்டாவை. பாவி! உன்னை யாரடா கேட்டது? சோறு இல்லாமல் என் கல்யாணம் நின்றா போயிருக்கும்?

மறு வாரமே நீ போய்விட்டாய். கபருக்கு எல்லோரும் மண் போட்டார்கள். நானும் போட்டேன். அப்போது எனக்கு உன்மேல் எதுவும் கோபமில்லை, ஒன்றும் தெரியாததால் அழுதேன். பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனபோதுதான் உன் அம்மா சொன்னார்கள். உன் வீட்டம்மா கணவனுக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் உள்ளறையில் இருந்தார். அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினார்கள்.

"உன் கல்யாணம் முடியட்டும்னு தள்ளிப் போட்டான்ப்பா. உன்கிட்ட மட்டுமாச்சும் சொல்லுடான்னு எம்புட்டோ சொன்னேன். அவன் மூஞ்சியைப் பாத்து எப்படிம்மா சொல்றதுன்னான்."

அன்றிலிருந்துதான் உன்மேல் இந்தக் கோபம். என் மூஞ்சியில் அப்படி என்னடா எழுதியிருந்தது? எந்தக் கார்டானாலும் கரைத்துக் குடித்தவனாயிற்றே, என் தாங்குற நம்பர் எவ்வளவு என்று போட்டாய்? பூஜ்யமா? தெரிந்திருந்தால் அன்றைக்கே உன்னைத் தூக்கிக்கொண்டு போய் மதுரையில் படுக்கவைத்திருப்பேன். கல்யாணத்தைக் கோடைக்குத் தள்ளியிருப்பேன். என் பெண்டாட்டி கோபித்துக்கொண்டிருப்பாள், அதையும் சமாளித்திருப்பேன். இதையெல்லாம் செய்ய விடாமல் என்னைச் சிரித்துக்கொண்டே மேடையில் நிற்கவைத்தாய். இரக்கம் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு அது அவமானம்.

இப்போது அப்பாவின் கதைக்கு வருகிறேன். குடலில் கட்டி. நல்ல கட்டி இல்லை என்று டாக்டர் என்னையும் அண்ணனையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணன், "அப்பாகிட்ட அல்சர்னு சொல்லிருவோம்டா. வாத்தியாரா நிமிந்தே நடந்த மனுசன், தாங்க மாட்டாரு" என்றான். நானும், கேள் இதை, நானும் சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டுத்தான் அட்டையை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மெஷின் சூடானது. வாடை வந்தது.

நேராக வார்டுக்குத் திரும்பினேன். அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான், உதறினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"அல்சருக்கு எவனாச்சும் வராண்டாவுல நின்னு அழுவானாடா? நானும் உங்க நடிப்பைப் பாத்துக்கிட்டுத்தான் படுத்துக் கெடக்கேன். முதல்லயே ஏன்டா சொல்லல?" என்று சத்தம் போட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்பா போர்வையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அறுத்து எடுத்தா அப்பறம் சோறு திங்கலாமா, கஞ்சிதானா? அதைக் கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "போய்க் கேட்டுட்டு வா. போறப்ப உங்க அண்ணனை உள்ள வரச் சொல்லு, பாவம்."

டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் பர்ஸில் இன்னும் அந்தக் கல்லுப் பூதம் இருக்கிறது, நீ வெட்டிய ஓரங்களோடு. கோபம் தீரவில்லை, தீர்த்துக்கொள்ளவும் எண்ணமில்லை. அப்பா தாங்கினார்டா. நானும் தாங்கியிருப்பேன் மாப்ள. தாங்குவாயா என்று ஒரே ஒரு தடவை நீ கேட்டுப் பார்த்திருக்கலாம்.