கள்ளில்லாத பணிஸ்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையில் வெயில். மத்தியானம் இடியோடு மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆறு கலங்கிப் போகிறது.

பணிஸ் பதினாறு. உருளைக்கிழங்கு மூன்று அவித்து மசித்தது, மா, சீனி, உப்பு, வெண்ணெய் கொஞ்சம். புளிக்க வைக்க அரைக் கோப்பை கித்துள் கள்ளு. சட்டிக்குக் கீழும் மூடிக்கு மேலும் தணல். இரண்டு கருகிவிட்டன. அவை எனக்கு.

எட்டு, பக்கத்து வீட்டுச் சுலைகாவுக்கு. தலைப்பிள்ளை, மூன்றாம் மாதம். சோறு, கஞ்சி ஒன்றும் தங்குவதில்லை. "அக்கா, ஒங்கட பணிஸ் மட்டுந்தான் வயித்துல நிக்கிது," என்றாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு பிடித்திருக்குமோ தெரியாது.

ஐப்பசி 5, புதன்

இவர் ரயில்வே கந்தோரால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது கள்ளுப் போத்தலைக் கண்டார்.

"இது ஏனப்பா?"

"பணிசுக்கு."

"சுலைகாவுக்குக் குடுக்கிறதுக்குமோ?"

"ஓம்."

"முஸ்லிம் ஆக்கள் கள்ளுத் தொடமாட்டினமெல்லே."

ஊரில் அப்பமாவுக்கு ஊற்றுவதுபோல்தான் ஊற்றினேன். அதைக் குடிவகை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஐந்து வேளை தொழுகிற பிள்ளை. நாலு கிழமையாகக் கொடுத்து வருகிறேன். என்ன மடைச்சி நான்.

சொன்னால் என் முகத்திலும் முழிக்கமாட்டாள். சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

ஐப்பசி 6, வியாழன்

பணிஸ் இல்லை. வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள். மா முடிந்துவிட்டது என்றேன். டின் நிறைய மா இருக்கிறது.

பேக்கரிக்காரர் ஒருவர் இவருக்குச் சொன்ன வழி: கிழங்கு அவித்த தண்ணீர், மசித்த கிழங்கு, சீனி ஒரு கரண்டி, கைப்பிடி மா. சாடியில் விட்டுத் துணி கட்டி வைத்தால் கள்ளில்லாமலே பொங்குமாம். வைத்தாயிற்று. பிள்ளையாரே.

ஐப்பசி 7, வெள்ளி

மழை விடவில்லை. சாடி அசையவில்லை. குளிர்தான் காரணம். இவருடைய கம்பளி மப்ளரைச் சுற்றி அடுப்படியில் வைத்தேன்.

"எனக்கு இருமலப்பா."

"நீங்கள் இருமுங்கோ. சாடிக்குத்தான் அவசரம்."

சுலைகா இன்றும் சத்தி எடுத்தாள். இங்கே கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். அரிசி ஊறப்போட மறந்துபோனேன்.

ஐப்பசி 8, சனி

சாடி நிறைய நுரை. பன்னிரண்டு பணிஸ். அவ்வளவாக எழும்பவில்லை, ஆனாலும் மிருது.

சொல்லிவிட்டுத்தான் கொடுப்பது என்று போனேன். எல்லாம் சொன்னேன். கதிரையில் இருந்தபடி நிலத்தையே பார்த்தாள். "இதில கள்ளு இல்லையம்மா, கிழங்கு மட்டுந்தான்," என்றேன். தொடவில்லை. "போங்கோ அக்கா," என்றாள், அவ்வளவுதான்.

வந்து அழுதேன். இவர் பக்கத்தில் இருந்து இரண்டு பணிஸ் தின்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில். உடுப்புத் தோய்த்தேன்.

பத்து மணிபோல் பின்வாசலால் சுலைகா. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குசினிப் பலகையில் இருந்தாள். நேற்றே மடவளையில் தாய்வீட்டுக்கு ஆளனுப்பி வாப்பாவிடம் கேட்டிருக்கிறாள்.

"தெரியாமச் செஞ்சதுக்குக் குத்தமில்லண்டு வாப்பா செல்றாரு. ஒங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா."

அடுப்பில் கேத்தலை வைத்தேன்.

"ஆனாக்கா, தெரிஞ்ச பொறகு மூணு நாள் என்னப் பாத்துப் பாத்து மறச்சீங்களே. அதுக்கு வாப்பாட்டக் கேக்கல்ல. அதுக்கு நான் கோவமாத்தான் ஈக்கிறன்."

"எத்தினை நாளைக்கம்மா?"

"புள்ள பொறக்குற வரைக்கும். டெய்லி வந்து இங்கயே ஒக்காந்து கோவிப்பன். இப்ப அந்தப் பணிஸ எடுங்கோ."

நேற்றையது, சற்றுக் காய்ந்திருந்தது. ஐந்து தின்றாள். ஒன்றும் வெளியே வரவில்லை.