நாதஸ்வரம் கேட்ட பெட்டி

9 ஆகஸ்ட் 1976, திங்கள்

கும்மிடிப்பூண்டியில் இன்று வெயில் மண்டையைப் பிளந்தது. தகரக் கூரைக்குக் கீழே சால்டரிங் இரும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இரும்பு சூடா நான் சூடா என்று தெரியவில்லை. ஆனாலும் கடைசி சர்க்யூட் போர்டு முடிந்துவிட்டது. மூடியைத் திருகி மூடிவிட்டேன்.

பெட்டி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். மோடம் என்று சொன்னால் தம்பி எம்பார், அது எந்த ஊர் பட்சணம் என்று கேட்கிறான். கோயில் கைங்கரியத்தில் இருக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். ஏரிக்கரையில் ஒரு பெட்டி. சென்னையில் ஏரிகளைக் கவனிக்கிற சர்க்கார் அலுவலகத்தில் ஒரு பெட்டி. நடுவில் டெலிபோன் கம்பி. ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்பதைக் கரைப் பெட்டி இரண்டு விசில்களாக மாற்றி ஊதும், ஒன்று தடித்தது, ஒன்று மெல்லிசு. சென்னைப் பெட்டி அதைக் கேட்டு மறுபடி எண்ணாக்கி விளக்கில் காட்டும். ஊதுகிற பெட்டி எங்கள் முதலாளி ஜகந்நாதன் சாருடைய டிசைன். கேட்கிற பெட்டி என்னுடையது.

"ஏரிக்காரன் போன் பண்ணிச் சொன்னா ஆகாதா அக்கா?" என்றான் எம்பார். ஆகும். ஆனால் அடைமழையில் மணிக்கொரு தரம் யார் போன் செய்து, யார் எடுப்பது? அந்த எண்ணை வைத்துத்தான் மதகைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வார்கள். கீழே ஊர்கள் இருக்கின்றன.

16 ஆகஸ்ட், திங்கள்

சோதனை இன்று ஆரம்பம். அக்டோபர் கடைசி வரை. அலுவலகத்தில் துளசிராமன் என்று ஓர் இளம் எஞ்சினியர், நல்ல பிள்ளை, கொஞ்சம் சட்டம் பேசுகிறவர். மணிக்கொரு தரம் எண் வந்தால் ஒரு சரி. வராவிட்டால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி அதிகமானால் ஆர்டர் கிடையாது, நாங்கள் பழையபடி ரேடியோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டெபிலைசர் செய்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

வந்த எண் சரிதானா என்று யார் பார்ப்பார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஜகந்நாதன் சார் கைகுலுக்கி விடைபெற்றுவிட்டார்.

25 ஆகஸ்ட், புதன்

அமாவாசை. பட்டறை விடுமுறை. திருவள்ளூர் வீட்டில் இருக்கிறேன். குளத்தங்கரை முழுக்க வெளியூர்க் கூட்டம், எல்லார் கையிலும் குளத்தில் கரைக்க வெல்லம். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

26 ஆகஸ்ட், வியாழன்

துளசிராமன் போன். நேற்று மத்தியானம் பெட்டி எண்பத்தெட்டு அடி காட்டியதாம். எண்பத்தெட்டு அடி தண்ணீர் இருந்தால் நான் தூங்கியிருக்க முடியாது, மிதந்திருப்பேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்தேன்.

28 ஆகஸ்ட், சனி

நேற்று முழுதும் பெட்டி ஒழுங்கு. இன்றும் ஒழுங்கு. அப்படியானால் புதன்கிழமை என்ன ஆயிற்று? துளசிராமனுக்குப் போன் செய்து அன்றைய மற்ற எண்களைப் படிக்கச் சொன்னேன். பதினொன்று, பதினொன்று, பிறகு பதினேழு, பத்தொன்பது, நடுவில் அந்த எண்பத்தெட்டு, மறுபடி பதினான்கு. அவர் எல்லாவற்றுக்கும் சரி போட்டிருக்கிறார். எண் வந்ததே!

ஏரிக்காவல் லஸ்கர் கோபாலை டெலிபோனில் பிடித்தேன். "அன்னிக்கு பூராவும் பதினொண்ணுதாம்மா. மழயே இல்ல, எங்கருந்து ஏறும்?" என்றார்.

எண்பத்தெட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதைக் கண்டால் யாரும் சிரிப்பார்கள். பத்தொன்பதைக் கண்டு யார் சிரிப்பார்கள்?

2 செப்டம்பர், வியாழன்

நான் ஒரு மண்டு. ஆறு மாதமாக மாதிரிப் பெட்டியை இதே கம்பியில் சோதித்தோமே, அப்போதெல்லாம் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை ரோசம்மாள் சுவர்க் காலண்டரைப் பார்த்து, அடுத்த அமாவாசை லீவு வியாழக்கிழமையா என்று கேட்டாள். எங்களிடம் காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றுகிறவள் அவள். கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டேன்.

அமாவாசைக்குப் பட்டறை மூடுவது இந்தப் பக்கத்தில் வழக்கம். தச்சரும் கொத்தனாரும் அன்று கருவியைத் தொட மாட்டார்கள். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். ஜகந்நாதன் சாருக்குத் தர்ப்பணமும் இருக்கிறது. போகும்போது பெட்டியை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார். ஆக ஆறு மாதத்தில் ஓர் அமாவாசையைக்கூட எங்கள் பெட்டி கேட்டதே இல்லை. சோதனை ஆரம்பித்த பிறகுதான் அதற்கு லீவு கிடையாது.

அமாவாசையில் அந்தக் கம்பிக்கு என்னதான் ஆகிறது?

23 செப்டம்பர், வியாழன்

மகாளய அமாவாசை. திருவள்ளூரில் எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஏரியிலிருந்து வரும் கம்பி எங்கள் தெரு வழியாகத்தான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. முன்கூட்டியே அனுமதி வாங்கி, லைன்மேன் தாவீதைக் கூட்டிப்போய் டெலிபோன் போஸ்டின் மேல் ஏறவைத்து, கீழே நின்று காதுக்குழாயை மாட்டிக்கொண்டேன். மாமிகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முதலில் எங்கள் விசில். அதற்குப் பின்னால், தெளிவாக, நாதஸ்வரம்.

நிமிர்ந்து பார்த்தேன். கோயிலின் குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர், தெரு நீளத்துக்கும் டெலிபோன் போஸ்டுகளிலேயே கட்டப்பட்டு எங்கள் கம்பியை உரசாத குறையாக ஓடுகிறது. நாதஸ்வரக்காரர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அந்தச் சத்தம் எங்கள் கம்பிக்குள் இறங்குகிறது. பெட்டி அதையும் விசில் என்று எடுத்துக்கொண்டு அடிக்கணக்கு சொல்கிறது. ஆலாபனைக்கு எண்பத்தெட்டு அடி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஸ்பீக்கர் கட்டுகிறவர் யேசுதாஸ். கோயில் அமாவாசைக்கு வருஷக்கணக்காக அவர்தான். ஒயரைக் காட்டினேன். "போஸ்டு சும்மா நின்னுக்கினு இருந்திச்சி மேடம், கட்டிக்கினேன். ஒங்களுக்கு பேஜாருன்னா இப்பவே அவுத்துடறேன்," என்றார். சொன்னபடி மாலைக்குள் எதிர்ப்பக்க வீட்டு மாடிகள் வழியாக மாற்றியும் விட்டார். நல்ல மனுஷர்.

24 செப்டம்பர், வெள்ளி

ஜகந்நாதன் சாருக்கு ஒரே சந்தோஷம். ஒயரை மாற்றியாயிற்று, நோய் தீர்ந்தது என்கிறார். எனக்குத் தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஏரியிலிருந்து சென்னை வரை எத்தனை போஸ்ட், எத்தனை கோயில், எத்தனை கல்யாண வீடு, எத்தனை கட்சிக் கூட்டம்! எல்லா ஒயரையும் நான் அவிழ்த்துக்கொண்டிருக்க முடியுமா? மழைக்கு நனைந்த கம்பி போடும் இரைச்சலை எந்த யேசுதாஸ் வந்து அவிழ்ப்பார்?

தப்பு கம்பியில் இல்லை. எது காதில் விழுந்தாலும் அதை எண் என்று நம்புகிற பெட்டியில் இருக்கிறது. அந்தக் காதைச் செய்தவள் நான்.

4 அக்டோபர், திங்கள்

வந்துவிட்டது!

பெட்டிக்கு மூன்றாவதாக ஒரு காது வைத்திருக்கிறேன். இரண்டு விசிலின் சுருதிக்கும் நடுவிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள சுருதிகளை மட்டும் கேட்கும் காது. உண்மையான விசில் வரும்போது அந்த இடங்கள் அமைதியாக இருக்கும். பாட்டோ பேச்சோ இரைச்சலோ வந்தால் அங்கேயும் சத்தம் இருக்கும். சத்தம் இருந்தால் விளக்கையே அணைத்துவிடும். எண் கிடையாது. மூன்று டிரான்சிஸ்டர், ஒரு ரிலே, ரோசம்மாள் சுற்றிக் கொடுத்த காயில். இதைப் போல வேறு யாராவது எங்காவது செய்திருப்பார்கள். இருக்கட்டும். இது என்னுடையது.

சோதிக்க ஒரு குரல் வேண்டியிருந்தது. ரோசம்மாளை மைக்கின் முன் உட்காரவைத்து ஒரு கீர்த்தனை பாடச் சொன்னேன். நல்ல சாரீரம். பழைய பெட்டி அவள் பாட்டுக்கு நாற்பது அடி, ஏழு அடி என்று உளறியது. புதுப் பெட்டி கம்மென்று இருட்டாக இருந்தது. அவள் நிறுத்தியதும் மறுபடி எரிந்தது. "நான் பாடுனா எங்க ஊட்டுக்காரரும் இப்டிதாம்மா, கம்முனு ஆயிடுவாரு," என்றாள்.

6 அக்டோபர், புதன்

சண்டை.

ஜகந்நாதன் சார் புதுப் பெட்டியை ஒரு மணி நேரம் பார்த்தார். சர்க்யூட் அழகாக இருக்கிறது என்றார், அதை மனசாரச் சொன்னார். பிறகு இதை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டாம் என்றார். விளக்கு அணைந்தால் பெருக்கல் குறி. பழைய பெட்டிக்கு இதுவரை எல்லாம் சரி.

"தெரியலைன்னு சொல்ற பொட்டியை யாரு வாங்குவா அலமேலு?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்றதை விக்கலாமா சார்?"

அவர் கெட்டவர் இல்லை. பட்டறையில் இத்தனை பேர் குடும்பம் இருக்கிறது, அதுதான் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனா எனக்கு மட்டும் அது தெரியாதா? ரெண்டு பொட்டியும் நான் பண்ணினதுதானே? ஒண்ணு பொய் சொல்றதுன்னு தெரிஞ்சப்புறம் எப்படிப் பேசாம இருக்கிறது?

11 அக்டோபர், திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டே புதுப் பெட்டியோடு சென்னை அலுவலகத்துக்குப் போனேன். போகாதே என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

துளசிராமனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாதஸ்வரம், பத்தொன்பது அடி, அவர் போட்ட சரிகளில் எவையெல்லாம் பொய் என்பது. அவர் முகம் சுருங்கியது. விதியில் எண் வந்ததா என்றுதான் இருக்கிறது, எண் மெய்யா என்று இல்லை, நான் என்ன செய்யட்டும் என்றார். கடைசியில் இரண்டு பெட்டிகளையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒப்புக்கொண்டார். அதுவே பெரிது.

12 அக்டோபர், செவ்வாய்

எனக்கான வேலையைச் சார் ரோசம்மாளிடம் சொல்லி அனுப்பினார்.

30 அக்டோபர், சனி

முடிவு தெரிந்துவிட்டது. பழைய பெட்டி தேறியது. அநேகமாக எல்லா மணியும் சரி. புதியது தோற்றது. தீபாவளி சமயத்திலும் மழை தூறிய நாட்களிலும் அடிக்கடி வாயை மூடிக்கொண்டதாம்.

பட்டறையில் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்கள். ரோசம்மாள் என் கையில் ஒன்றை வைத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு காயில் சுற்றப் போனாள். என் பெட்டிதானே தேறியிருக்கிறது? சந்தோஷப்பட வேண்டியவள் நான்தானே? ஜாங்கிரியைக் காகிதத்தில் மடித்து மேஜையிலேயே வைத்துவிட்டேன்.

8 நவம்பர், திங்கள்

பழைய மாதிரியிலேயே நான்கு பெட்டி செய்ய வேலை தொடங்கியாயிற்று. போர்டில் கை தானாக ஓடுகிறது. மனசு ஓடவில்லை. சோழவரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். எம்பார் விசாரித்து வந்து சொன்னான். யோசிக்கிறேன்.

18 நவம்பர், வியாழன்

மூன்று நாளாக அடைமழை. பட்டறைக்குள்ளேயே இரண்டு இடத்தில் ஒழுகல்.

மாலையில் துளசிராமன் போன் செய்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. தோற்ற பெட்டியை நாங்கள் இன்னும் எடுத்து வரவில்லை, அது அவர் மேஜையிலேயே தேறிய பெட்டிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று காலையிலிருந்து கம்பியில் ஒரே கரகரப்பு. தேறிய பெட்டி மணிக்கு மணி இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று நிதானமாகக் காட்டியிருக்கிறது. தோற்ற பெட்டி இருட்டு.

"அந்த இருட்டையே பாத்துண்டிருந்தேன் மேடம். என்னமோ பண்ணித்து. ஏரிக்கு போன் போட்டேன்."

கோபால் தொண்டை கிழியக் கத்திச் சொன்னாராம்: முப்பது அடி தாண்டிவிட்டது, வேகமாக ஏறுகிறது. பகல் வெளிச்சத்திலேயே மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கீழ் ஊர்களுக்குத் தண்டோராவும் போட்டுவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபத்திரண்டை நம்பியிருந்தால் இருட்டின பிறகு ஒரேயடியாகத் திறக்க வேண்டியிருந்திருக்கும்.

போனை வைத்துவிட்டு ஜகந்நாதன் சாரிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டார். நான் பாத்ரூமுக்குள் போய் நன்றாக அழுதேன். சந்தோஷமா பயமா, இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

19 நவம்பர், வெள்ளி

நான்கு போர்டுகளின் வேலையையும் சார் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

6 டிசம்பர், திங்கள்

துளசிராமன் கும்மிடிப்பூண்டிக்கே வந்தார், கூடவே அவருடைய மேலதிகாரியும். ரோசம்மாள் ஓடிப்போய் நாற்காலி துடைத்தாள். காபி வந்தது. மேலதிகாரி புதுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். மணிக்கு எத்தனை எண் வரும் என்று அவர் கேட்கவே இல்லை. இது எந்தெந்தச் சமயத்தில் எல்லாம் பேசாமல் இருக்கும், எதை வைத்து அப்படி முடிவு செய்யும் என்று ஜகந்நாதன் சாரைக் கேட்டார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதை அவகிட்ட கேளுங்கோ. பொட்டி அவளோடது," என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதல் டிரான்சிஸ்டரிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.