வசந்தாவிடம் சொல்லாதது

16 ஏப்ரல் 1989, ஞாயிறு. குனோங் ராபாட்.

தங்கை வசந்தா மதியம் கணவரோடு வந்தாள். ஈராண்டுக்கு முன் வெடித்த நட்சத்திரத்தைப் பற்றி நூலகத்துப் பத்திரிகையில் படித்ததை அவளிடம் சொல்ல ஒரு வாரமாகக் காத்திருந்தேன். அப்போது தோட்டத்து மேட்டில் நின்று, தெற்கே ரப்பர்ப் பால்மரங்களுக்குச் சற்று மேலே அதை நாங்கள் இருவரும்தான் பார்த்தோம்.

"அதைச் சுத்தித் தூசு உண்டாகியிருக்காம். வெளிச்சத்தை மறைக்குது. ஆனா தூசு சூடா இருக்கு. அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கருவி புடிச்சிருச்சு" என்றேன்.

அவள் கேட்டாளோ இல்லையோ, கண் கலங்கியது. "அக்கா, அவருக்கு ஜொகூர்ல வேலை கெடச்சிருக்கு. அடுத்த மாசம் போறோம்."

எழுந்து போய்த் தேநீர் கலக்கினேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டுக்கு யார் வருவார்கள்?

வாசலில் செருப்பை மாட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜொகூர் இன்னும் தெற்கால இருக்குலா. அங்கேருந்து அந்த நட்சத்திரம் இன்னும் மேல தெரியும். பாத்துச் சொல்றேன்கா."

அது இனி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

"சரி, பாத்துட்டு ஃபோன் பண்ணு" என்றேன்.