மேலதிகாரியும் யானையும்

6-8-1971, வெள்ளி. பெரார்கஞ்ச், அந்தமான்.

சரித்திரத் தொடருக்கு நான் வரையும் கொடுங்கோல் மன்னனுக்கு என் மேலதிகாரியின் முகத்தை வைத்திருந்தேன். மெட்ராஸ் வாரப் பத்திரிகையை அவர் இங்கே பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கை. இன்று கப்பலில் வந்த இதழோடு அவரே என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். கதையைப் படிக்கவில்லை, படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

“அரே, ராஜா அப்படியே நான்தான்யா! வீட்ல ஒரே குஷி. அடுத்த வாரம் என்ன பண்றேன்?”

“யானை வருது, சார்.”

“சபாஷ்! பத்து காப்பி சொல்லிவெச்சிடறேன். ஊருக்கு அனுப்பணும்.”

யானை வருவது உண்மை. மன்னர் அதன் காலடியில் கிடக்கிறார், முகம் மட்டும் நசுங்காமல். அந்தப் படம் முந்தைய கப்பலிலேயே போய்விட்டது. இந்நேரம் அச்சாகியிருக்கும்.

தென்கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேவுக்கு என்னைப்போல ஒரு டிராஃப்ட்ஸ்மேன் வேண்டுமாம். ஆளைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். என் மனைவிக்கு எட்டாம் மாதம். இதையெல்லாம் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வெளியே காற்று பலமாக வீசுகிறது. அடுத்த கப்பல் வராத அளவுக்கு வீசினால் நல்லது.