இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலி

அதனால் நீ வரைந்த அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டேன், தேனு கண்ணு. என் தங்கமே, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நேற்றுக் காலையில் நிவேதாவின் காரில் ஏற்றியாயிற்று. நீ போர்த்திக்கொள்ளும் ஜமக்காளத்தைத்தான் சுற்றி அனுப்பினேன்.

சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் கண்காட்சி. நாளைக்குத் திறக்கிறார்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு உன்னைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். நான் என்றைக்கு நாலு வரியோடு நிறுத்தினேன்? உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். வருகிறவர்கள் நின்று படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். உன் அப்பன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஓட்டுகிறவன். பூமியைத் துளைக்கும்போது புகையாகக் கிளம்புமே கல்மாவு, அதைத்தான் நீ சாயமாக்கினாய். ஒரு ஊரில் வெள்ளை வரும், ஒரு ஊரில் காவி, ஒரு ஊரில் சாம்பல். ஊர் ஊராக அவன் கட்டி வந்ததைச் சலித்து டப்பாவில் போட்டு வைத்தவள் நான். அந்தப் பெரிய துணிப் படத்தை நீ முடித்த அன்று, "சுண்ணாம்பு உதிர்ந்த சுவராட்ட இருக்குது" என்றேன். "அதாங்க அத்தே வேணும்" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு சென்னைக் கண்காட்சியோடு போயிற்று. திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அவ படத்து முன்னால நின்னு மணிக்கணக்காப் பேசறான் அத்தே. என்ற படத்து முன்னால வந்தா போன் பேசறான்."

அவன் பிரபு. நீ கட்டிக்கொள்வதாக இருந்தவன். அவள் நிவேதா. உன்னோடு ஓவியக் கல்லூரியில் படித்த ஜலகண்டாபுரத்துத் தறிக்கார வீட்டுப் பெண். கடைசியில் அவனைக் கட்டிக்கொண்டதும் அவள்தான். நீ சென்னையிலிருந்து வந்த அன்று நான் என்ன செய்தேன்? மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வரவில்லை. "பாத்தியா, அவ கண்ணுதான்" என்றேன். உன் வயிற்றெரிச்சலில் நானும் எண்ணெய் ஊற்றினேன், சாமி.

ஆஸ்பத்திரியில், உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலிலும், "என்றது எதுவும் அவ படத்துக்குப் பக்கத்துல தொங்கக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்றாய். உன் கையில் அடித்துச் சொன்னேன். அந்தக் கை சுட்டது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நீ போன பிறகு அவள் வந்தாள். முதல் தடவை வாசலிலேயே நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்தேன். மறுபடி வந்தாள். உன் சேக்காளிகளெல்லாம் போனில் அழுததோடு சரி. இவள் மட்டும் வந்து உன் டப்பாக்களைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போவாள். எனக்கு முழங்கால் வலி என்றால் தைலம் வாங்கி வருவாள். பிரபு காரை விட்டு இறங்க மாட்டான். போன மாதம் அவனுக்கும் ஒரு டம்ளர் டீ கொடுத்தனுப்பினேன். உன்னைக் கேட்கவில்லை. உன்னை எங்கே போய்க் கேட்பேன்?

அன்றுதான் அவள் படத்தைக் கேட்டாள்.

"உன்ற படத்துக்குப் பக்கத்துலயா?"

"ஆமாங்க அத்தே."

"என்னமோ நீதான் அவள வாழ வெக்கறவளாட்டப் பேசற."

அவள் கோபப்படவில்லை. "பக்கத்துல வெச்சா என்றது எடுபடாதுங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன். அவளுக்கு எம்மேல பொறாமைன்னு எல்லாருக்கும் தெரியும். நான் அவளப் பாத்து வெந்தது ஆருக்குங்க தெரியும்? இந்தக் கல்மாவு எனக்குத் தோணலையேன்னு எத்தன நாள் சோறு எறங்கல."

இதை அவள் உன்னிடமே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாயா?

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாரியாத்தாள் கோயிலில் பூக் கேட்டேன். வெள்ளை வந்தால் கொடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று நான் கட்டி வாங்கிப் போன இரண்டு பொட்டலத்தில் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி. உன் குரலே கேட்ட மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆத்தாளிடம் ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். மறு வெள்ளிக்கிழமை மறுபடி போய் நின்றேன். "என்னக்கா, போன வாரந்தானுங்க கேட்டீங்க?" என்றார் பூசாரி. "அது வேற காரியம்" என்று சந்நிதியிலேயே பொய் சொன்னேன். வெள்ளை வந்தது. விழுந்து கும்பிட்டுவிட்டு, பிரகாரத்திலிருந்தே நிவேதாவுக்குப் போன் போட்டேன்.

உனக்குக் கொடுத்த வாக்கை உடைக்க ஆத்தாளையே கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். நிவேதாவை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, கண்ணு. அதுதான் தப்பு. நீ வரவேண்டிய வாசலில் அவள் வரும்போது, காரின் சத்தம் கேட்டே அடுப்பில் பால் வைத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் செய்கிறேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் போய், இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கண்காட்சி முடிகிறவரை தினமும் வருவேன். யார் எழுப்பினாலும் எழமாட்டேன். அப்போது பக்கத்தில் பக்கத்தில் என்று ஆகாதே? யாராவது உன் படத்து முன்னால் நின்று போன் பேசினால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பனோடு பிறந்தவள்,
உன் சரசா அத்தை.

கையெழுத்துப் போட்ட பிறகு ஞாபகம் வருகிறது. அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை நல்ல மழை. பூக்காரம்மா, "செவ்வரளி வரலீங்க அக்கா, வெள்ளதான் இருக்குது" என்றாள். "இருக்கறதையே ரெண்டாக் கட்டிக் குடு" என்று வாங்கிப் போனேன்.