குப்பைக்குப் போன மாத்திரை

20-8-2006, ஞாயிறு

அண்ணனுக்குப் பெண் கொடுப்பவர்கள் இன்று சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். காலையிலேயே கவனம் சிதறாமலிருக்க அவன் சாப்பிடும் ஏடிஎச்டி மாத்திரைகளை அப்பா குப்பையில் போட்டுவிட்டார். "இதப் பாத்தா பையன் பைத்தியம்னு ஓடிடுவாங்க."

மனசு ஒரு இடத்தில் நிற்காமல்தான் அண்ணன் குடிக்கத் தொடங்கினான். மாத்திரை வந்த பிறகுதான் குடியை விட்டான். அப்பாவுக்கு இது தெரியாதா?

மத்தியானம் ஆண்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்தார்கள். நான் வஞ்சிர வறுவல் கொண்டுபோனபோது பெண்ணின் மாமா, "மாப்ளைக்கும் ஊத்துங்க" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"இன்னாடா வெக்கம்? குடி." அப்பாவேதான் பிராந்தி டம்ளரை அவன் கையில் திணித்தார்.

கிளம்பும்போது "தங்கமான பையன்" என்றார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கமான பையன் பாத்ரூமில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

குப்பையைக் கிளறி மாத்திரை அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் அப்பா எதிரிலேயே அவனுக்குக் கொடுப்பேன். தடுத்துப் பார்க்கட்டும்.