தெற்குக் கரைக்கு மட்டும் அடித்த புயல்

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கு இருமல் விட்டதா? போனில் கேட்டால் விட்டது என்பாய், அதனால் கடிதத்தில் கேட்கிறேன். இந்த விஷயத்தைப் போனில் பேசாததற்கு வேறு காரணமும் உண்டு. நீ பதறிப்போய் ஏதாவது சொல்வாய், அதை நான் நம்பிவிடுவேன்.

கரையோர அலுவலகத்தின் வெளிச்சுவரில் திருத்திய வரைபடத்தை ஒட்டிவிட்டார்கள். இருபது வருடம் கழித்துக் கடல் எங்கே நிற்கும் என்று உன் குழு கணித்த கோடு அதில் இருக்கிறது. போன வருட வரைபடத்தில் அந்தக் கோடு ஆற்றின் இரண்டு கரையிலும் வீடுகளைத் தாண்டி உள்ளே போனது. இரண்டும் சிவப்பு. காப்பாற்ற முடியாது, ஆட்களை உள்ளே தள்ளிக் குடியேற்ற வேண்டும் என்று அர்த்தம். இப்போது நம் வடக்குக் கரையில் மட்டும் கோடு வளைந்து, வீட்டை எட்டாமலேயே நின்றுவிடுகிறது. நாம் பச்சை. நமக்குக் கற்சுவர் வரும்.

தெருவில் ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து, "சார், உங்க பொண்ணு ஒரே பென்சில் கோட்டுல கடலையே தள்ளி வச்சிட்டாளே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு உள்ளே வந்து பூதக்கண்ணாடியைத் தேடினேன்.

போன வருடம் அம்மா போனில் உன்னிடம், "நீ போட்ட கோடுதானேடி, கொஞ்சம் தள்ளித்தான் போடேன்" என்றாளே, ஞாபகம் இருக்கிறதா? விளையாட்டாகத்தான் சொன்னாள். நீயும் சிரித்தாய். சிரிப்பதற்கு முன் கொஞ்சம் தாமதித்தாய் என்று எனக்குத் தோன்றியது. அது லைன் கோளாறாகவும் இருக்கலாம்.

மறுநாள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் பூதக்கண்ணாடியோடு போனேன். "என்ன சார், உங்க வீட்டைத் தேடுறீங்களா? அது எங்கயும் போகாது, இருக்கும்" என்றார் காவலாளி. வரைபடத்தின் அடியில், எந்தெந்த வருட அளவுகளை வைத்துக் கோடு போட்டீர்கள் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. வடக்குக் கரைக்கான வரிசையில் அந்தப் பெரும்புயல் வருடம் இல்லை. விதிவிலக்கு என்று விட்டிருக்கிறீர்கள். தவறில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மற்றவற்றோடு ஒட்டாத ஒரு புள்ளியை விட்டுவிடலாம் என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வருடத்தை எடுத்துவிட்டால் கரை மெதுவாகத்தான் தேய்கிறது, சுவர் கட்டினால் தாங்கும் என்று கணக்கு வரும். ஆனால் தெற்குக் கரை வரிசையில் அந்த வருடம் அப்படியே இருக்கிறது.

ஒரே புயல், குட்டி. நடுவில் இருப்பது ஒரு சின்னப் பாலம்.

நான் தப்பாகப் படித்திருக்கலாம். கண்ணாடி மாற்றியும் நாளாகிவிட்டது. மறுபடி போய்ப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. ஆற்றின் ஓட்டம், அலை வரும் கோணம் என்று இந்தக் கணக்கு வாத்தியாருக்குப் புரியாத காரணம் ஏதாவது இருக்கும். இருந்தால் இரண்டு வரியில் எழுது. என்னைத் திட்டிக்கூட எழுது, சந்தோஷப்படுவேன்.

கடல் மணல் நம் பக்கமிருந்துதான் தெற்கே நகர்கிறது என்று எனக்குச் சொன்னதே நீதான். "இங்க மறிச்சா அங்க கரைக்கு மணல் பட்டினிப்பா" என்றாய். அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தெற்குக் கரை சைக்கிள் கடைக்காரரை உனக்குத் தெரியும். நேற்று என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே, "சார், அடுத்த மேப்புல எங்களையும் பச்சை ஆக்கிருவாங்கல்ல? பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். மாடியில ஒரு ரூம் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். மழைக்காலம் போகட்டும், அவசரப்படாதீர்கள் என்றேன். சிமெண்ட் காய்வதைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "கரெக்டு சார், கரெக்டு" என்றார். காற்றடித்த சைக்கிளைப் பாலம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

மாதக் கடைசியில் வரைபடத்துக்கு ஆட்சேபம் சொல்லும் கூட்டம். தெற்குக் கரையில் வக்கீலுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி வரைபடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். முழுப் படத்தை ஒரு தடவை எடுத்தாள். பிறகு குனிந்து அடிப்பகுதியை மட்டும் எடுத்தாள். அதைப் பார்த்ததிலிருந்து வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் அவள்தானோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டாள். "நான் சும்மா சொன்னதுங்க. அதையா அவ மனசுல வச்சிக்கிட்டா?" என்றாள். பிறகு, "அவ வேலைக்கு ஏதாவது ஆயிடுமா?" என்றாள். தெரியாது என்றேன். பின்கதவைத் திறந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்று காலையிலிருந்து வேறு கேள்விகள். உன் வீட்டுப் பின் அறையில் வெயில் வருமா, அதில் இரண்டு கட்டில் போட முடியுமா, கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் நல்ல மாதிரியா. எனக்கு என்ன தெரியும்? குட்டியைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

அந்தப் புயலன்று தண்ணீர் நம் சமையலறைக்குள் வந்தது. பால் பாத்திரம் படகு மாதிரி மிதந்து போனதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் பயத்தில் உறைந்து நின்றோம். நீதான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தாய். அதனால் அந்த வருடம் நம் பக்கமும் இருந்தது என்று உனக்கு நான் நிரூபிக்க வேண்டியதில்லை. அதை இருந்த இடத்தில் திருப்பி வைத்துவிடு கண்ணு. கூட்டத்துக்கு முன்னால், யாரும் கேட்பதற்கு முன்னால், நீயாகவே செய்துவிடு.

வீடு போனால் நாங்கள் வந்து நிற்க நீ இருக்கிறாய். நீ நன்றாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா

குட்டி, அப்பா எழுதியதைப் படித்தேன். பின் ரூமே போதும்டி எங்களுக்கு. — அம்மா